விண்டோஸ் 11 இருக்கிற லேப்டாப்ல அத அழிக்காம உபுண்டு போடலாமா?

ஓம் தம்பி, உபுண்டுவும் விண்டோஸ் மாதிரி ஒரு ஒப்பரேட்டிங் சிஸ்டம்தானே, தாராளமா போடலாம், ஆனா முதல்ல போட்டோ டொக்யுமெண்ட் எல்லாத்தையும் வெளி ஹார்ட்டிஸ்க் ஒண்டுல கொப்பி பண்ணி வைங்கோ, அத செய்யாம மற்றதுல கை வைக்கவே வேணாம். நான் திருகோணமலைல உவர்மலைப் பக்கம் இருக்கிறன், டிஸ்க்கில பிரிச்சு வச்சிருக்கிற பகுதிய, அதுதான் பார்ட்டிஷன சுருக்கிற நேரம் பார்த்து கரண்ட் போச்சு, பற்றரி நல்லா இருந்தபடியா தப்பினன், அதால சார்ஜ் முழுசா ஏத்திட்டுத்தான் தொடங்கோணும்.

விண்டோஸ்ல டிஸ்க் மேனேஜ்மெண்ட்டுக்குப் போய் சி டிரைவ சுருக்கி இடம் எடுங்கோ, 25 ஜிபி காணும் எண்டுதான் சொல்லுவினம், என்னக் கேட்டா 50 ஆவது விடுங்கோ. அதுக்கு முதல் டிஸ்க்க பூட்டி வைக்கிற பிட்லொக்கர் ஓன்ல கிடக்கா எண்டு பாருங்கோ, கிடந்தா அதிண்ட ரெக்கவரி கீய கட்டாயம் எழுதி வைங்கோ, இல்லாட்டி பிறகு விண்டோஸ் கேக்கேக்க முழிக்கத்தான் வேணும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் நிப்பாட்டுங்கோ, அது விண்டோஸ முழுசா மூடாம அரைத்தூக்கத்தில விடும், அப்ப உபுண்டுவால அந்த டிரைவில ஒண்டும் எழுத ஏலாது.

பிறகென்ன, 8 ஜிபி பென் டிரைவ்ல உபுண்டுவ ஏத்தி அதால லேப்டாப்ப பூட் பண்ணுங்கோ, எண்டா தொடக்குங்கோ, விண்டோஸோட சேர்த்துப் போடுற ஒப்ஷன மட்டும் தெரிவு செய்யுங்கோ, முழு டிஸ்க்கையும் அழிக்கிறத மறந்தும் அமத்திடாதீங்கோ. அடுத்த முறை ஓன் பண்ணேக்க கிரப் எண்ட தொடக்க மெனு வந்து எது வேணும் எண்டு கேக்கும்.

ஒரு சின்ன விசயம், விண்டோஸ்ல மணி அஞ்சரை மணித்தியாலம் பிந்திக் காட்டினா பயப்பிடாதீங்கோ, உபுண்டு மெஷின் கடிகாரத்த யூடிசில, அதாவது உலகப் பொது நேரத்தில வைக்கும், விண்டோஸ் அத நம்மட நேரமெண்டு நினைக்கும், உபுண்டுவ லோக்கல் டைமுக்கு மாத்தினா சரி.