படகு டெபாசிட் போச்சு, மூணு பேர் பங்கு தரல, கேஸ் போடலாமா?

கேள்வி (நாலு பக்க மெயில், சுருக்கியிருக்கேன்): சார், நான் இங்கிலாந்துல ரெடிங்ல இருக்கேன். போன ஆகஸ்ட்ல கிரீஸ்ல கோஸ் தீவுல ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து எட்டு பேரா ஒரு வாரம் லெரோஸ், லிப்ஸி, ஆர்கி, அகதோனிசின்னு கூட்டம் இல்லாத தீவா பாத்து சுத்தறதா பிளான். ஆளுக்கு 1,100 பவுண்ட் வாங்கி ஃபிளைட், படகு, சாப்பாடுன்னு எல்லாம் நானே புக் பண்ணேன். படகு ஓட்டறதுக்கான ஐசிசி சர்டிபிகேட் இருக்கு, ஸ்கிப்பரும் (படகுக்குப் பொறுப்பான கேப்டன்) நான்தான். காத்து அடிச்சதுல மூணு நாள் லிப்ஸியிலயே கட்டிக் கிடந்தோம், அகதோனிசி போகவே இல்ல. ஆர்கில படகை கட்டும்போது சுக்கான் இடிச்சு, கம்பெனிக்காரன் 3,000 யூரோ டெபாசிட்டை முழுசா பிடிச்சுட்டான். எட்டா பிரிச்சு ஆளுக்கு 375 யூரோ கேட்டேன், நாலு பேர் குடுத்துட்டாங்க, மூணு பேர் கைய விரிக்கறாங்க. அவங்க மேல ஸ்மால் கிளைம்ஸ்ல (சின்னத் தொகை வழக்குக்கான கோர்ட் பிரிவு) போடலாமா?

பதில்: அந்த மூணு பேரும் ஒரு பாத்திரம் கழுவல, உங்க வீட்டு பிரியாணி சாப்பிட்டவங்க, இப்ப வாட்ஸாப்ல ப்ளாக் பண்ணிட்டாங்க, எல்லாம் படிச்சேன். கோர்ட்டுக்கு அதுல வேலையில்ல. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்னு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கீங்க, அதையும் விடுங்க. படகை ஒப்படைக்கும்போது சரிபாக்கற செக்-இன் லிஸ்ட்ல கையெழுத்து உங்களுது, படகை வாங்கும்போது சுக்கானை யாரும் தண்ணிக்கடியில போட்டோ எடுக்கல, ஒப்பந்தத்துல கிரீஸ் சட்டம், பிரேயஸ் கோர்ட்டுன்னு போட்டிருக்கு, 3,000 யூரோவுக்கு அங்க வக்கீல் வைக்கப் போறீங்களா என்ன. சின்ன தீவு துறையில ரிவர்ஸ்ல வந்து கட்டும்போது அடியில கிடக்கற கல்லுல சுக்கான் இடிக்கறது புதுசும் இல்ல. அந்த நேரத்துல வீல் பிடிச்சது உங்க ஃபிரண்டுங்கறீங்க, இருக்கட்டும், க்ரூ லிஸ்ட்ல ஸ்கிப்பர்னு இருக்கறது உங்க பேருதான்.

எனக்கு வேண்டியது மூணாவது பக்கத்துல போற போக்குல நீங்க எழுதின ஒரு வரி. "எல்லாத்துக்கும் நானே அலைஞ்சதால என் பங்கு மட்டும் போடல." ஏழு பேர் ஆளுக்கு 1,100, மொத்தம் 7,700. ட்ரிப் செலவும் 7,700. அதாவது நீங்க ஃப்ரீயா போயிருக்கீங்க. அதோட அந்த மூணு பேரும் ஃபிரண்ட்ஸே இல்ல, இடம் காலியா இருக்குன்னு ஃபேஸ்புக்ல போஸ்ட் போட்டு சேத்தவங்க. உங்க கேஸ் முழுக்க இதுலதான் இருக்கு, மத்ததெல்லாம் காத்து.

ஏன்னா, ஃபிளைட்டும் தங்கறதும் சேத்து ஒரே விலைக்கு ஒருத்தர் வித்தா அது இங்க பேக்கேஜ். பேக்கேஜ் டூர் விக்கறவங்களுக்கான சட்டம், 2018 பேக்கேஜ் ட்ராவல் ரெகுலேஷன்ஸ் வந்துடும். எப்பவோ ஒரு தடவை, லாப நோக்கமில்லாம, ஒரு குறிப்பிட்ட வட்டத்துக்குள்ள மட்டும் ஏற்பாடு பண்ணா விலக்கு உண்டு, காலேஜ் ஃபிரண்ட்ஸ் ட்ரிப்பெல்லாம் அதுல தப்பிச்சுடும். நீங்க ஒரு பைசா லாபம் பாக்கலன்னு சத்தியம் பண்றீங்க, ஆனா எதிர்ப்பக்க வக்கீல் உங்க ஃப்ரீ டிக்கெட்டையும் அந்த போஸ்ட்டையும் ஜட்ஜ் முன்னாடி வச்சு, இவர் ஃபிரண்ட் இல்ல, ஆர்கனைசர்னுதான் ஆரம்பிப்பார். நான் அந்தப் பக்கம் இருந்தா நானும் அப்படித்தான் ஆரம்பிப்பேன்.

ஆர்கனைசர்னு ஆயிட்டா கதை தலைகீழ். லிப்ஸியில கிடந்த மூணு நாளுக்கு விலையில கழிவு கேப்பாங்க. அது காத்து, என் தப்பில்லன்னு சொல்லுவீங்க. நஷ்ட ஈட்டுக்குத்தான் அந்த பதில், அதுவும் தவிர்க்க முடியாத அசாதாரண சூழ்நிலைன்னு நிரூபிச்சாதான். ஆகஸ்ட்ல ஏஜியன் கடல்ல மெல்டெமி (அங்க வழக்கமா அடிக்கற கோடைக்காத்து) அடிக்கறதை அசாதாரணம்னு சொன்னா அந்த ஊர் மீனவன் சிரிப்பான். விலைக் கழிவுக்கு அந்த பதில்கூட செல்லாது, சொன்னது நடக்கலன்னா கழிக்கணும், அது பயணியோட தப்பா இருந்தா மட்டும்தான் தப்பிக்கலாம். அப்புறம் வாங்கின பணத்துக்கு இன்சால்வன்சி பாதுகாப்பு (நீங்க திவாலானா பயணிங்க பணம் திரும்பக் கிடைக்கற ஏற்பாடு) வச்சீங்களா, ஃபிளைட் இருக்கே, ஃபிளைட் சேத்து டூர் விக்கறவங்க வாங்க வேண்டிய ஏடால் லைசென்ஸ் எங்கன்னு கேள்வி வரும், இது ரெண்டும் சிவில் கோர்ட்டோட நிக்கற சமாச்சாரம் இல்ல.

இதுகூட பரவால்ல. நீங்க கிண்டலா எழுதின இன்னொரு வரிதான் எனக்கு நிஜமா பயம். "அதுல ஒருத்தன் சொன்னா கேக்கமாட்டான், நங்கூரம் தூக்கற விண்ட்லாஸ்ல விரலைக் குடுத்து உடைச்சுக்கிட்டான், இன்னும் மடக்க முடியலையாம்." இதை அவன் லட்சணத்துக்கு ஆதாரமா எழுதியிருக்கீங்க. எனக்கு அது ஒரு கவுண்ட்டர்கிளைமா, அதாவது அவர் உங்க மேல திருப்பிப் போடற வழக்கா தெரியுது. ஸ்கிப்பர் நீங்க, விண்ட்லாஸ் எப்படி இயக்கணும்னு முதல் நாள் சொல்லிக் குடுத்தீங்களா, எழுத்துல ஏதாவது இருக்கா? காயத்துக்கு கேஸ் போட அவருக்கு 3 வருஷம் இருக்கு. இன்னிவரைக்கும் அவருக்கு அது தோணல. நீங்க 375 யூரோவுக்கு நோட்டீஸ் அனுப்பினா அவர் ஒரு வக்கீல்கிட்ட போவார், வக்கீல் கேக்கற முதல் கேள்வியே கை எப்படி இருக்குன்னுதான்.

அந்த வலி வேதனைக்கான தொகை 1,500 பவுண்ட் தாண்டினா கேஸ் சாதாரணமா ஸ்மால் கிளைம்ஸ்ல நிக்காது, அதுக்கு மேல இருக்கற ஃபாஸ்ட் ட்ராக் பிரிவுக்குப் போயிடும். அங்க தோத்தவர் எதிர்ப்பக்க செலவையும் கட்டணும். நீங்க ஜெயிச்சாலோ, காயப்பட்டவர்கிட்ட இருந்து உங்க செலவை பொதுவா வசூல் பண்ண முடியாது, சட்டம் அவருக்கு அப்படி ஒரு பாதுகாப்பு குடுத்திருக்கு. வீட்டு இன்சூரன்ஸ்ல பர்சனல் லயபிலிட்டி (நம்மால அடுத்தவங்களுக்கு வர்ற நஷ்டத்துக்கான கவர்) இருக்கேன்னு நினைக்காதீங்க, பெரும்பாலான பாலிசில படகு கிடையாது. என்கிட்ட ஒருத்தர் இதே மாதிரி பனிச்சறுக்கு ட்ரிப் பங்கு 900 பவுண்டுக்கு கேஸ் போட்டுட்டுத்தான் வந்தார், போடறதுக்கு முன்னாடி வரல, எதிர்ப்பக்கம் முழங்கால் எக்ஸ்ரேவோட வந்தாங்க, கடைசில இவர் கட்டினது அந்த 900ஐ விட பல மடங்கு.

அதனால கேஸ் வேண்டாம். மூணு பேர்கிட்ட வரவேண்டியது மொத்தம் 1,125 யூரோ, அதுக்காக விரல் கணக்கைத் திறக்காதீங்க. 2024 மே மாசத்துல இருந்து பணம் கேக்கற ஸ்மால் கிளைம்ல போன் மீடியேஷன் (நடுவர் வச்சு சமரசம் பேசறது) கட்டாயம், எப்படியும் அங்க போய் பாதிக்குதான் இறங்குவீங்க, அதை இப்பவே செய்யலாம். யாராவது பொதுவான ஆள் மூலமா பேசுங்க, குடுக்கறதை வாங்கிக்கங்க, ஒண்ணுமே தரலன்னாலும் சரின்னு போங்க, ஆனா ட்ரிப் சம்பந்தமா யாருக்கும் யார் மேலயும் எந்தக் கிளைமும் இல்லன்னு ரெண்டு பக்கமும் எழுத்துல ஒத்துக்கணும், அவங்க கையெழுத்தையும் வாங்கிக்கங்க, இல்லன்னா பின்னாடி நிரூபிக்கறது கஷ்டம். விரல்காரர் கையெழுத்து போடத் தயங்கினா வற்புறுத்தாதீங்க, அப்படியே விட்டுட்டு வாயை மூடிக்கங்க. அவங்க ஆபீசுக்கு மெயில் போடறேங்கறதெல்லாம் வேண்டவே வேண்டாம். பயத்துல ஃபேஸ்புக் போஸ்ட்டை அழிக்கவும் வேண்டாம், அழிச்சா அது தனி தலைவலி.

கடைசியா உங்க பி.எஸ். அடுத்த ஜூன்ல அயோனியன் பக்கம் மெகானிசி, கலமோஸ், கஸ்டோஸ் போறதுக்கு ஏற்கனவே ரெண்டு பேர்கிட்ட அட்வான்ஸ் வாங்கியாச்சுன்னு சந்தோஷமா எழுதியிருக்கீங்க. அதை இந்த வாரமே திருப்பி அனுப்புங்க. போகணும்னா அவங்கவங்க ஃபிளைட்டை அவங்கவங்களே போடட்டும், படகு வாடகைல உங்க எட்டுல ஒரு பங்கை நீங்களும் கட்டுங்க, டெபாசிட் போனா எட்டா பிரிப்போம்னு கிளம்பறதுக்கு முன்னாடியே எல்லார்கிட்டயும் எழுதி வாங்குங்க, டெபாசிட் இன்சூரன்ஸ் எடுங்க. ஃபேஸ்புக்ல ஆள் தேடாதீங்க.