இலை போலத் தெரியும் தண்டுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் வீட்டுப் பிரம்ம கமலத்தில் இலையிலிருந்தே மொட்டு வருகிறது. இலையில் பூ பூக்குமா?

பூக்காது. நீங்கள் இலை என்று நினைப்பது தட்டையான தண்டு. பச்சையம் ஏந்தி இலையின் வேலையைச் செய்வதால் இதற்கு 'இலைத்தொழில் தண்டு' என்று பெயர். ஓரத்தில் அலையலையாக இருக்கும் பள்ளங்களைத் தடவிப் பாருங்கள். அவை கணுக்கள். மொட்டு அங்கேதான் பிறக்கும். எந்தச் செடியில் ஐயம் வந்தாலும், மொட்டு பிறக்கும் இடத்தைத்தான் நான் முதலில் தேடுவேன்.

இது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளில் மரங்களைத் தொற்றி வாழும் கள்ளி. கள்ளிதானே என்று உச்சிவெயிலில் வைத்துவிடாதீர்கள், தண்டு வெளிறிக் கருகும். காலை வெயில் போதும். இமயமலையின் பிரம்ம கமலம் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த வேறு செடி.

சப்பாத்திக் கள்ளியில் வெள்ளைப் பஞ்சு படிந்திருக்கிறது. நசுக்கினால் ரத்தம் போலச் சிவக்கிறது. நோயா?

பூச்சி. கள்ளிச் சாற்றை உறிஞ்சும் கொச்சினீல் பூச்சி அந்தப் பஞ்சுக்குள் ஒளிந்திருக்கிறது. சிவப்பு, அதன் உடலிலுள்ள சாயம். அமெரிக்காவிலிருந்து வந்த கள்ளி தென்னிந்திய நிலங்களை அடைத்துக்கொண்டபோது, 1926இல் இலங்கையிலிருந்து இந்தப் பூச்சியை வேண்டுமென்றே கொண்டுவந்தார்கள். புதர் புதராகக் கள்ளி மடிந்தது. இதன் தட்டையான சப்பைகளும் இலைத்தொழில் தண்டுகளே; அவற்றை இழந்தால் கள்ளிக்கு உணவு தயாரிக்க வேறு உறுப்பு இல்லையே! தொட்டியில் வளர்ப்பதென்றால், பஞ்சைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, மிகவும் தாக்கப்பட்ட சப்பையை வெட்டி எரித்துவிடுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம். பெரிய முள்ளைவிட, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சுணை முட்கள்தான் நாள்கணக்கில் உறுத்தும்.

அப்படியானால் கள்ளிக்கு இலையே கிடையாதா?

உண்டு. இளந்தளிர்ச் சப்பையில் சிறு கூம்புகளாக முளைத்துச் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். அவசியம் பாருங்கள், அழகாக இருக்கும்.

சவுக்கு, கத்திச் சவுக்கு இரண்டும் ஒரே வகையா?

பெயரில் மட்டும். சவுக்கின் ஊசி, மெல்லிய பச்சைக் கிளை. இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். அந்தக் கணுக்களைச் சுற்றியுள்ள நுண்ணிய செதில்களே இலைகள். தட்டையாக இல்லாவிட்டாலும் அந்தக் கிளை செய்வது இலைத்தொழில்தான். கத்திச் சவுக்கில் கத்தி போலிருப்பது தண்டே அன்று, தட்டையான இலைக்காம்பு. விதையிட்டு முளைக்கவைத்தால் முதலில் வேலமர இலை போன்ற சிற்றிலைகள் வருவதையும், காம்பு மெல்ல அகன்று, பின்னர் சிற்றிலைகள் மறைவதையும் கண்ணால் பார்க்கலாம்.

தண்ணீர்விட்டான் கொடியின் ஊசிகள்?

அவையும் குறுந்தண்டுகளே. உண்மையான இலை செதிலாகச் சுருங்கிவிட்டது. பெரிய தண்டுகளில் அதுவே முள்.