30 மி.மீ. இறக்குவதா, 40 மி.மீ. இறக்குவதா?

கேள்வி: பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன், வயது 29. கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலை வேலை. சம்பளம் 34,000 ரூபாய்; செலவு போக மாதம் 8,000 மிஞ்சும். என்னிடம் 2018 ஸ்விஃப்ட் கார் இருக்கிறது, டயர்கள் வண்டியோடு வந்தவை. காரின் உயரத்தைத் தாழ்த்தும் ஸ்ப்ரிங், 16 அங்குல அலாய் வீல், 195/55 டயர் எல்லாம் சேர்த்து 80,000 ஆகும் என்கிறார்கள். அம்மாவின் ஆறு பவுன் நகை வங்கியில் 10 சதவீத வட்டிக்கு அடகில் இருக்கிறது. முதலில் 1,20,000 வாங்கினேன். அடுத்த வருடம் மாற்றி வைத்து, அதாவது பழைய கடனை முடித்து அதே நகையைக் கூடுதல் தொகைக்கு மறுபடி அடகு வைத்து, 1,60,000. போன வருடம் 2,10,000. இந்த மாதம் கெடு முடிகிறது. பவுன் விலை ஏறியிருப்பதால் 2,90,000 வரை தருவார்களாம். கையில் உள்ள 40,000-ஐத் தொட மனமில்லை. நகையின் மேல் கூடுதலாக வாங்கலாமா, கிரெடிட் கார்டில் வட்டியில்லாத் தவணை எடுக்கலாமா? ஸ்ப்ரிங் 30 மி.மீ.யா, 40 மி.மீ.யா? அம்மா ஒன்றும் சொல்வதில்லை. விசேஷங்களுக்குக் கவரிங் சங்கிலி போட்டுக்கொண்டு போகிறார்.

பதில்: கடைசி வரியை ஏன் எழுதினீர்கள் என்று உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த 80,000. மாற்றி வைத்தால் அது முழுதாகக் கைக்கு வரும் என்று நினைத்திருக்கிறீர்கள். வராது. போன வருடக் கடனின் வட்டி 21,000-ஐ எடுத்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். உங்களிடம் வருவது 59,000. முந்தைய இரண்டு முறையும் இதுதான் நடந்தது. 40,000 கூடியபோது 12,000 வட்டிக்குப் போனது, 50,000 கூடியபோது 16,000 போனது. கணக்கைக் கூட்டிப் பாருங்கள்: மூன்று வருடத்தில் உங்கள் கைக்கு வந்தது 1,20,000, 28,000, 34,000, ஆக 1,82,000. இன்று நகையை மீட்க வேண்டுமென்றால் 2,31,000 வேண்டும். நடுவில் உள்ள 49,000 முழுவதும் வட்டி. அதில் 28,000-ஐக் கடன் வாங்கியே கட்டியிருக்கிறீர்கள், 21,000 இன்னும் பாக்கி. உங்கள் சம்பளத்திலிருந்து ஒரு ரூபாய்கூட அந்த நகைக்குப் போகவில்லை.

பவுன் விலை ஏறும்போது நகை வைத்திருப்பவருக்கு லாபம் வர வேண்டும். உங்கள் வீட்டில் மட்டும் விலை ஏற ஏறக் கடன் ஏறுகிறது. வேறு எந்தச் செலவையும் நான் குறை சொல்லப் போவதில்லை. மாற்றி வைக்கும் இந்தப் பழக்கம் ஒன்றுதான் நிற்க வேண்டும்.

கார்டுக்காரர் சொல்லும் வட்டியில்லாத் தவணை இதற்கு மாற்று மருந்து அல்ல. வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டுவார்கள். ஆனால் அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான் விழும், பெரும்பாலும் செயலாக்கக் கட்டணமும் உண்டு. ரொக்கத்துக்குப் பேரம் பேசினால் கடைக்காரர் குறைக்கும் தொகையும் போய்விடும்.

இனி ஸ்ப்ரிங். உங்கள் ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மி.மீ. 30 இறக்கினால் 133, 40 இறக்கினால் 123. நான்கு பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் இன்னும் குறையும். விதிமுறைப்படி வேகத்தடையின் உயரம் 100 மி.மீ. நம் ஊர் வேகத்தடைகள் அந்த விதியைப் படித்தவை அல்ல. பழைய ஷாக் அப்சார்பரோடு குட்டை ஸ்ப்ரிங்கைச் சேர்த்தால் அந்த ஷாக் அப்சார்பர் ஏறி இறங்க இடமில்லாமல் சீக்கிரமே ஒழுகத் தொடங்கும். சக்கரத்தின் சாய்வு மாறி, புது டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது, குனிந்து கையை உள்ளே விட்டுத் தடவினால் ரம்பம்போல் உறுத்தும். இந்தச் செலவெல்லாம் 80,000-க்குள் இல்லை.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது கேரளத்திலிருந்து போன வழக்குதான். அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை என்றும் இருக்கிறது. ஸ்ப்ரிங்குக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று என்று எழுதினால் நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனமும் இதைக் காட்டித் தகராறு செய்யலாம்.

டயர் வேறு விஷயம். அது கட்டாயச் செலவு. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-இன் 23ஆவது வாரம் செய்தது. இத்தனை வயதான ரப்பரில் பள்ளம் மிச்சம் இருந்தாலும் நம்பாதீர்கள். இப்போது இருக்கும் அதே அளவில், 165/80 ஆர் 14 என்றால் அதிலேயே, நான்கு வாங்குங்கள்; 18,000 ரூபாய்க்குள் முடியும்.

அந்தத் தொடமாட்டேன் என்கிற 40,000-ஐ இப்போது தொடுங்கள். 21,000 வட்டி, 18,000 டயர், மிச்சம் சக்கர அலைன்மென்ட்டுக்கும் பேலன்சிங்குக்கும். கடன் 2,10,000-இல் நிற்கும். புதுப்பிக்கும்போது ஆறு பவுனையும் ஒரே ரசீதில் வைக்காமல், அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலியைத் தனி ரசீதில் போடச் சொல்லுங்கள். அதன் பங்கு 70,000. மாதம் 8,000 வீதம் அந்த ரசீதில் மட்டும் கட்டினால், வட்டியோடு சேர்த்து பத்து மாதத்தில் சங்கிலி வெளியே வரும். ஓணம் போனஸ் குறுக்கே வந்தால் அதற்கும் முன்பே வரும்.