குதிரை லாயத்துக்குப் போகிறீர்களா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

ஏழு வயதுப் பேரன் குதிரை என்றாலே உயிரை விடுகிறான். லாயத்துக்கு அழைத்துப் போகும் முன் அவனுக்கு என்ன சொல்லி வைக்க வேண்டும்? (ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்)

எங்கே நிற்பது என்பதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும், ஆச்சி. நம் ஊர்ப் பிள்ளைகள் முதலில் பார்க்கும் குதிரை பெரும்பாலும் அய்யனார் கோயில் மண் குதிரைதான். நமணசமுத்திரம் பக்கம் வரிசையாக நிற்பவற்றின் காலடியில் ஓடிப்பிடித்து, பின்னால் ஒளிந்து விளையாடியிருப்பார்கள். அதே பழக்கத்தில் உயிருள்ள குதிரையிடம் போவது ஆபத்து.

கண்கள் தலையின் இரண்டு பக்கத்திலும் இருப்பதால் குதிரை தன்னைச் சுற்றி ஏறக்குறைய 350 டிகிரி பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. வேட்டை மிருகங்களிடமிருந்து தப்பிப் பிழைத்த இனம் அது. தெரியாத பக்கத்திலிருந்து ஒரு கை பட்டால் உதைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்க்கும்.

அதனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி இடது தோள் பக்கமாகப் போகச் சொல்லுங்கள். காதைத் திருப்பி அது கவனித்த பிறகு கழுத்தைத் தடவலாம். காதுகளைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டால் உடனே விலகிவிட வேண்டும். பின்பக்கம் சுற்றிப் போக வேண்டியிருந்தால் மூன்று நான்கு மீட்டர் தள்ளிப் போகட்டும். ஓட்டம், கத்தல், பலூன், குடை எதுவும் கூடாது. அவன் கை பெரியவர் ஒருவர் கையிலேயே இருக்கட்டும்.

பைக் ஹெல்மெட்டும் ஸ்போர்ட்ஸ் ஷூவும் போதாதா? (கல்லூரி மாணவர், காரைக்குடி)

போதாது தம்பி. பைக் ஹெல்மெட் கனம், காதையும் மூடிவிடும். பயிற்சியாளர் சொல்வதும் பின்னால் வரும் குளம்புச் சத்தமும் கேட்காது. ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163 என்ற தரக்குறியீடு உள்ள, குதிரையேற்றத்துக்கான ஹெல்மெட்டையே வாங்குங்கள். ஒருமுறை பலமாக அடிபட்டால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கும்.

ஷூவுக்கு ஒரு அங்குலக் குதிகால் அவசியம். அது இல்லையென்றால் சேணத்தில் பாதம் வைக்கத் தொங்கும் வளையமான அங்கவடிக்குள் பாதம் முழுதாக நுழைந்துவிடும். அப்படி மாட்டிய நிலையில் விழுந்தால் குதிரை உங்களை இழுத்துக்கொண்டே ஓடும்.

ஏறிய கொஞ்ச நேரத்தில் சேணம் ஒரு பக்கமாகச் சரிகிறது. ஏன்? (தேவகோட்டை)

சேணத்தை வயிற்றோடு இறுக்கும் வாரைக் கட்டும்போது பல குதிரைகள் உடம்பை உப்பிக்கொள்ளும், அப்புறம் தளர்த்தும். ஏறும் முன் ஒருமுறை, ஐந்து நிமிடம் நடந்த பிறகு இன்னொருமுறை, உங்கள் கையாலேயே வாரைச் சரிபாருங்கள். லாயத்து ஆள் கட்டியதுதானே என்று விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, குதிரையை நடத்திக்கொண்டு போகும்போது அதன் கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றாதீர்கள். மிரண்டு இழுத்தால் விரல் போய்விடும். மிச்சக் கயிற்றை மடித்துப் பிடித்தால் போதும்.

விசேஷத்தில் மீந்த கந்தரப்பம், வெள்ளைப் பணியாரத்தைக் குதிரைகளுக்குக் கொடுக்கலாமா? (பள்ளத்தூர்)

தயவுசெய்து வேண்டாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, தின்றது உள்ளேயேதான் போக வேண்டும். மாவும் வெல்லமும் அதிகமானால் குடலில் புளித்து வயிற்றுவலி வரும், குளம்புக்குள் வீக்கமும் வரலாம். அந்த வயிற்றுவலியிலேயே குதிரை செத்துப்போவதும் உண்டு. ஆசையாக இருந்தால் லாயக்காரரிடம் கேட்டுவிட்டு ஒரு கேரட் கொடுங்கள். நீளவாக்கில் வெட்டி, விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்டுங்கள். வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும்.

மைதானத்தில் பல பேர் ஓட்டும்போது யார் எப்படி ஒதுங்குவது? (திருப்பத்தூர்)

முன்னால் போகும் குதிரைக்கும் உங்களுக்கும் நடுவே குறைந்தது ஒரு குதிரை நீளமாவது இடைவெளி விடுங்கள். எதிரே வருபவரை இடது தோளுக்கு இடது தோளாகக் கடக்க வேண்டும். நம் சாலைப் பழக்கத்துக்கு இது நேர்மாறு, அதனால்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். வாலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தால் அது உதைக்கும் குதிரை, இன்னும் தள்ளிப் போங்கள்.

லாயத்தில் விழுந்து முழங்கையில் சிராய்ப்பு. ஊசி போட வேண்டுமா? (புதுவயல்)

குதிரைச் சாணத்திலும் லாயத்து மண்ணிலும் டெட்டனஸ் கிருமி இருக்கும். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போட்டீர்கள் என்று சொல்லுங்கள். குதிரை கடித்த காயமாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ரேபிஸ் தடுப்பூசி தேவையா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.