ஒல்லியான உடம்புக்காரர் குத்துச்சண்டைக்கு லாயக்கில்லையா?

கேள்வி: என் தம்பிக்கு 17 வயது, ஒல்லியான உடம்பு. புதுச்சேரியில் குத்துச்சண்டை கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான். 'முதலில் ஜிம்முக்குப் போய் உடம்பை ஏற்றிக்கொண்டு வா' என்கிறார்கள் நண்பர்கள். கட்டுமஸ்தாக இருந்தால்தான் பலமாகக் குத்தவும் அடி தாங்கவும் முடியுமா?

பதில்: இல்லை. தம்பியை இப்போது இருக்கிறபடியே அனுப்புங்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை வேளைகளில் பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாக ஒருவன் வந்து நின்றதுமே அவன் மார்பையும் புஜத்தையும் பார்த்து, "இவன் தேறுவான், அவன் தேறமாட்டான்" என்று கூட வந்தவர்களே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் மனம் பொறுக்காது. நல்ல பையன்கள் எத்தனையோ பேர் அந்தத் தீர்ப்போடு வீடு திரும்பிவிட்டார்கள்.

ஜிம்மில் வளர்த்த உடம்போடு வருபவர்கள் மணல் மூட்டையைக் குத்தும்போது பெரும்பாலும் அது ஊஞ்சல் மாதிரி ஆடும். தோளும் கையும் சேர்ந்து அதைத் தள்ளுகின்றன, அவ்வளவுதான். தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் ஒரு மீனவர் வீட்டுப் பையனுக்கு விலா எலும்பை எண்ணிவிடலாம். அவன் குத்தினால் மூட்டை ஆடாது, நடுவில் மடங்கும். அவனுடைய பின்காலைப் பாருங்கள்: குதிகால் எழும்பி வெளிப்பக்கம் திரும்புகிறது, அதோடு இடுப்பு திரும்புகிறது, பிறகு தோள். கை கடைசியில்தான் வருகிறது, பட்ட மறுகணமே திரும்பியும் விடுகிறது. சிறுவயதிலிருந்து அப்பாவோடு வலை இழுத்தவன் அவன். கையை மட்டும் நம்பி வலை இழுப்பவன் சீக்கிரம் ஓய்ந்துவிடுவான். மணலில் காலை ஊன்றி இடுப்பால் இழுக்க வேண்டும். அது அவனுக்கு யாரும் சொல்லித்தராமலே வந்திருக்கிறது.

புஜத்தின் முன்பக்கம் திரண்டு தெரியும் தசை, கையை மடக்குவதற்கானது. நேராகக் குத்தும்போது கை நீள வேண்டும். அந்த நேரத்தில் அந்தத் தசை இறுகியே இருந்தால் வேகம்தான் குறையும். பெரிய தசைகளுக்கு ஆக்சிஜனும் அதிகம் வேண்டும். மூன்றாவது ரவுண்டில் யார் வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் தாமஸ் ஹேர்ன்ஸ் ஆறடி ஒரு அங்குல உயரம். 66.7 கிலோ எல்லை கொண்ட வெல்டர்வெயிட் பிரிவில் ஆடிய நாட்களில் அவர் கால்கள் குச்சி போலவே இருக்கும். 1980இல் பிப்பினோ குவேவாஸை இரண்டாவது ரவுண்டிலேயே வீழ்த்திப் பட்டம் வென்றார். 1984இல் ராபர்டோ டுரானுக்கும் அதே இரண்டாவது ரவுண்டில் கதை முடிந்தது. மொத்தம் 61 வெற்றிகள், அவற்றில் 48 நாக்-அவுட். அதே ஹேர்ன்ஸை 1985இல் மார்வின் ஹேக்லர் மூன்றே ரவுண்டில் முடித்துவிட்டார். முதல் ரவுண்டில் ஹேர்ன்ஸ் முழு வலுவோடு குத்திய குத்துகளை ஹேக்லர் வாங்கிக்கொண்டே முன்னேறினார். ஹேர்ன்ஸின் வலது கைதான் முறிந்தது. பலமாகக் குத்துவது வேறு, அடி தாங்குவது வேறு. ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்கும் என்று எண்ணுவதே பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம்.

2019 ஜூன் மாதம் நியூயார்க்கில் ஆண்டி ரூயிஸ், அப்போதைய ஹெவிவெயிட் உலக சாம்பியன் ஆண்டனி ஜோஷுவாவைச் சந்தித்தார். மாற்று ஆளாக வந்தவர், தொப்பை குலுங்கும் உடம்பு. எதிரே நின்ற ஜோஷுவா செதுக்கிவைத்த சிலை. மூன்றாவது ரவுண்டில் முதலில் கீழே விழுந்தவர் ரூயிஸ்தான். எழுந்து, அதே ரவுண்டில் ஜோஷுவாவை இருமுறை வீழ்த்தினார். ஏழாவதில் மேலும் இருமுறை வீழ்த்த, நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். தொப்பையைத்தான் உலகம் பார்த்தது. கொத்துக் கொத்தாக விழும் அவருடைய கைவேகத்தைக் கவனித்தவர்கள் குறைவு. அதற்காகத் தொப்பை வலிமை தரும் என்று நான் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து நடந்த மறுபோட்டிக்கு இன்னும் சுமார் ஏழு கிலோ கூடி வந்தவர், பன்னிரண்டு ரவுண்டும் ஜோஷுவாவைத் துரத்தியே தோற்றார்.

அடி தாங்குவதில் வயிற்றுக் கட்டுகளுக்குப் பங்கு உண்டு, ஆனால் வயிற்றில் விழும் குத்துக்கு மட்டும். தாடையில் படும் குத்து தலையைச் சடாரென்று திருப்புகிறது, மூளை அந்தச் சுழற்சியில் குலுங்கி நினைவு தப்புகிறது. அங்கே மார்பும் புஜமும் என்ன செய்ய முடியும்? வலுவான கழுத்து கொஞ்சம் உதவும். அதைவிட, குத்து வருவதைக் கண் பார்த்துவிட வேண்டும். எதிர்பாராமல் படும் சின்னக் குத்துக்கு மலை மாதிரி ஆட்கள் சாய்ந்ததை நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன்.

எடைபோடும் நாளில் எடுக்கும் புகைப்படங்களையும் நம்பாதீர்கள். நரம்பு புடைத்து, வயிறு பலகையாகத் தெரியும் அந்த உடம்பு பல நேரங்களில் எடைப் பிரிவின் எல்லைக்குள் வருவதற்காகத் தண்ணீரை வற்றவைத்த உடம்பு. பார்க்க அழகாக இருக்கும் அந்த நாளில்தான் அந்த வீரர் மிகவும் பலவீனமாக இருப்பார்.

இதில் எனக்கு உண்மையான பயம் தடித்த பையன்களைப் பற்றித்தான். ஒல்லிப் பையனைத் திருப்பி அனுப்புகிறார்கள், அதோடு போயிற்று. பருமனாக இருப்பவனையோ "இவன் தாங்குவான்" என்று சொல்லி, வந்த சில நாட்களிலேயே பெரியவர்களோடு மோதவிடுகிறார்கள். தலைக்கவசம் இருக்கிறதே என்று சமாதானம் வேறு. கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது.

ஆகவே தம்பியைச் சேர்ப்பதற்கு முன் நீங்களே ஒரு மாலை போய் உட்கார்ந்து பாருங்கள். காலடி, இடுப்பு, தடுப்பு, கழுத்துப் பயிற்சி என்று தொடங்கினால் பணத்தைக் கட்டுங்கள். முதல் வாரமே ஸ்பாரிங்கில், அதாவது இன்னொருவரோடு மோதும் பயிற்சி ஆட்டத்தில், இறக்கிவிடுகிறார்கள் என்றால் வேறு இடம் தேடுங்கள்.