டிவிடி பேக்கப்பைத் திரும்ப ஏற்றினால் ஃபைலில் ஏன் எழுத முடிவதில்லை?

திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீஸ், லினக்ஸ் மெஷின். பேக்கப் டிவிடியிலிருந்து காப்பி செய்த ஆர்டர் ஷீட் திறக்கிறது, சேவ் ஆகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபைல் கெடவில்லைங்க, பயப்பட வேண்டாம். போனது எழுதும் அனுமதி மட்டும்தான்.

டேட்டா டிஸ்க்குகளில் பரவலாக உள்ள ஐஎஸ்ஓ 9660 என்ற ஃபைல் அமைப்பில், லினக்ஸ் வைத்திருக்கும் அனுமதி விவரத்துக்கு இடம் கிடையாது. ராக் ரிட்ஜ் என்ற கூடுதல் நீட்சிதான் அதைச் சேர்க்கிறது. ஆனால் எல்லோரும் படிக்கட்டும் என்று டிஸ்க் எழுதும்போதே எழுதும் அனுமதியை நீக்கிவிடும் முறையும் உண்டு. உரிமையாளர் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும் என்ற 644 அனுமதி எண், எல்லோரும் படிக்க மட்டும் என்ற 444 ஆகிவிடும். காப்பி எடுத்தால் அதுவும் கூடவே வரும்.

இப்போதைக்கு அந்த ஃபோல்டர் முழுவதற்கும் உரிமையாளருக்கு எழுதும் அனுமதியைத் திருப்பிக் கொடுங்கள். அவசரத்தில் எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 மட்டும் போட்டுவிடாதீங்க. அந்த மெஷினில் உட்காரும் யார் வேண்டுமானாலும் வாரச் சம்பளப் பட்டியலைத் திருத்தலாம் என்றாகிவிடும்.

இனிமேல் ஃபைல்களை நேராக எழுதாமல், பல ஃபைல்களை ஒரே ஃபைலாக்கும் டார் கருவியால் கட்டாகக் கட்டி அந்த ஒரே ஃபைலை எழுதுங்கள். அனுமதி அதற்குள்ளேயே பத்திரமாக இருக்கும். லினக்ஸ் அனுமதியை வைத்துக்கொள்ளாத எக்ஸ்ஃபேட் ஃபைல் அமைப்புள்ள பென் டிரைவுக்கும் இதே வழிதான்.

எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் ஃபைல் அமைப்புள்ள ஹார்ட் டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டுவதானால் ஒன்றைக் கவனியுங்கள். அதில் உரிமையாளர் பெயர் இல்லை, எண்தான் பதிவாகிறது. இங்கே 1001 கணக்குப்பிள்ளை, அங்கே 1001 டிசைனர் என்றால் ஃபைல்கள் டிசைனருடையதாகிவிடும். இரண்டு மெஷினிலும் ஒருவருக்கு ஒரே எண்ணாக வைத்துவிடுங்க.