வாசகர் கேள்வி–பதில்: ஓப்ராவை உயர்த்தியது எது?

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதிக் கேட்டிருப்பதால், இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: சிறு வயதில் உருளைக்கிழங்குச் சாக்கில் தைத்த உடையை அணிந்து வளர்ந்தவர் ஓப்ரா என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். அது உண்மையா, அல்லது புகழ் வந்த பிறகு சேர்ந்துகொண்ட கதையா?

பதில்: அவரே பலமுறை சொன்ன செய்திதான் அது. அவர் வறுமையைச் சற்றுக் கூட்டிச் சொல்கிறார் என்று உறவினர் தரப்பில் மறுப்பும் வந்திருக்கிறது. சாக்குத் துணியைப் பற்றி வழக்காட நான் விரும்பவில்லை. யாரும் மறுக்காத செய்திகளே அந்த வாழ்வின் நெருக்கடியைப் புரிந்துகொள்ளப் போதுமானவை. 1954 ஜனவரி 29 அன்று, மிசிசிப்பி மாநிலத்தின் கோசியஸ்கோ என்ற சிற்றூரில், திருமணமாகாத இளம்பெண் ஒருவருக்கு மகளாகப் பிறந்தவர் ஓப்ரா. தாய் வெர்னீட்டா லீ பிழைப்புத் தேடி வடக்கே சென்றுவிட, ஆறு வயது வரை பாட்டி ஹேட்டி மே லீயின் பண்ணை வீட்டில் வளர்ந்தார். வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பள்ளிகள் நடந்துகொண்டிருந்த காலம் அது.

அந்தப் பாட்டியை நான் முக்கியமானவராகக் கருதுகிறேன். அவர் கண்டிப்பானவர், கை நீட்டி அடிப்பவர். ஆயினும் பேத்திக்கு மூன்று வயதுக்குள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தவரும், தேவாலயத்தில் எல்லோர் முன்னிலையிலும் விவிலியப் பகுதிகளை மனப்பாடமாகச் சொல்ல வைத்தவரும் அவரே. முற்றத்தில் பெரிய பாத்திரத்தில் துணிகளைக் கொதிக்க வைத்துத் துவைத்து உலர்த்தும்போது, நாளைக்கு நீயும் இதைச் செய்ய வேண்டியிருக்கும், கவனித்துப் பழகிக்கொள் என்று பாட்டி சொல்வாராம். தன் வாழ்க்கை அப்படி இருக்கப் போவதில்லை என்று அப்போதே மனதுக்குள் நினைத்துக்கொண்டதாக ஓப்ரா நினைவுகூர்ந்திருக்கிறார். மழலையர் வகுப்பில் சேர்க்கப்பட்டவுடன், தான் இருக்க வேண்டிய வகுப்பு இதுவல்ல என்று ஆசிரியைக்குக் கடிதம் எழுதி, முதல் வகுப்புக்கு மாற்றப்பட்ட குழந்தை அவர்.

கேள்வி: பட்ட துன்பங்கள்தான் ஓப்ராவை உறுதியானவராக ஆக்கின என்று என் மகனுக்கு அடிக்கடி எடுத்துச் சொல்கிறேன். நான் சொல்வது சரிதானே?

பதில்: சரியென்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவர் பட்ட துன்பம் எத்தகையது என்பதை முதலில் பார்ப்போம். ஆறு வயதில் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில், வீட்டு வேலை செய்து பிழைத்த தாயிடம் சேர்ந்தார். ஒன்பது வயது முதல், உறவினர்களாலும் குடும்பத்துக்குப் பழக்கமான ஆண்களாலும் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டார். வசதியானவர்கள் படிக்கும் புறநகர்ப் பள்ளி ஒன்றில் இடம் கிடைத்தபோது, அங்கே படித்தவர்களின் வீடுகளுக்கு வேலைக்குப் போகும் கறுப்பினப் பெண்களோடு ஒரே பேருந்தில் பயணம் செய்து பள்ளிக்குப் போனார். வீட்டை விட்டு ஓடினார், தாயின் பணத்தைத் திருடினார். சிறுவர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று தாய் அழைத்துச் சென்றபோது, இடமில்லை, இரண்டு வாரம் பொறுங்கள் என்றார்கள். அவ்வளவு நாள் பொறுக்க முடியாது என்றுதான் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் இருந்த தந்தை வெர்னன் வின்ஃப்ரேயிடம் அனுப்பி வைத்தார். பதினான்கு வயதில் ஓப்ரா குறைமாதத்தில் பெற்ற ஆண் குழந்தை சிறிது காலத்திலேயே இறந்துபோனது.

இவற்றில் எது ஒரு குழந்தையை உயர்த்தும்? அதே மில்வாக்கி வீட்டில் வளர்ந்த அவருடைய தங்கை, போதைப் பழக்கத்தோடு நீண்ட காலம் போராடி 2003இல் இறந்தார். துன்பத்துக்கு மனிதரைச் செதுக்கும் ஆற்றல் உண்டென்றால், அது இருவரையும் செதுக்கியிருக்க வேண்டும். கொடுமையை வெற்றிக்கான படிக்கட்டாகப் பேசும்போது, அதைச் செய்தவர்களின் குற்றத்தை நாம் அறியாமலேயே குறைத்துவிடுகிறோம் என்பது என் வருத்தம்.

மாற்றம் நாஷ்வில்லில் நிகழ்ந்தது. முடிதிருத்தும் கடை நடத்திவந்த வெர்னனும் அவருடைய மனைவியும் வீட்டில் சில கட்டுப்பாடுகளை விதித்தார்கள்: வாரந்தோறும் ஒரு புத்தகம் படிக்க வேண்டும், படித்ததைப் பற்றி எழுதிக் காட்ட வேண்டும், புதிய சொற்களைக் கற்றாக வேண்டும், நடுத்தரமான மதிப்பெண்ணோடு வீட்டுக்கு வரக் கூடாது. உயர்நிலைப் பள்ளியில் பேச்சுப் போட்டியில் வென்று, டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் முழு உதவித்தொகையுடன் இடம் பெற்றார் ஓப்ரா. பதினேழு வயதில், உள்ளூர் அழகிப் போட்டியில் வென்ற பரிசை வாங்கிக்கொள்ள டபிள்யூ.வி.ஓ.எல். என்ற வானொலி நிலையத்துக்குப் போனவரிடம், ஒரு செய்தியைப் படித்துக் காட்டும்படி விளையாட்டாகக் கேட்டார்கள். படித்த விதத்தைக் கேட்டுவிட்டுப் பகுதிநேரச் செய்தி வாசிப்பாளராக எடுத்துக்கொண்டார்கள். தேவாலயத்தில் தொடங்கிய வாய்ப்பயிற்சியும், தந்தை வீட்டின் புத்தகங்களும் அந்த ஒலிவாங்கியின் முன் அவருக்குத் துணை நின்றன. உங்கள் மகனுக்குச் சொல்லத் தக்க பகுதி இதுவே என்று நினைக்கிறேன்.

கேள்வி: தொலைக்காட்சிக்குத் தகுதியற்றவர் என்று அவரை வேலையிலிருந்து நீக்கினார்களாமே?

பதில்: வேலையிலிருந்து நீக்கவில்லை, பொறுப்பிலிருந்து இறக்கினார்கள். நாஷ்வில் தொலைக்காட்சி ஒன்றில் முதல் கறுப்பினப் பெண் செய்தி வாசிப்பாளராகப் பெயரெடுத்தவரை, 1976இல் பால்டிமோரின் டபிள்யூ.ஜே.இசட். நிலையம் மாலை ஆறு மணிச் செய்திக்கு அழைத்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. பக்கத்தில் அமர்ந்தவரோ அந்நகரில் பல ஆண்டுகளாகச் செல்வாக்குப் பெற்ற மூத்த செய்தியாளர். சில மாதங்களிலேயே அந்த இருக்கை பறிபோனது. செய்தி சேகரிக்க வெளியே அனுப்பியபோதும் அவரால் ஒட்டாமல் நிற்க முடியவில்லை. தீ விபத்தில் எல்லாவற்றையும் இழந்து நிற்பவரிடம் ஒலிவாங்கியை நீட்டிக் கேள்வி கேட்பதற்கு அவருடைய மனம் இடம் கொடுக்கவில்லை. தோற்றத்தை மாற்ற வேண்டும் என்று நிலையத்தார் வற்புறுத்த, முடியலங்காரத்துக்குப் பூசிய வேதிப்பொருளால் தலைமுடி கொட்டிப்போன அவலமும் அப்போதுதான் நிகழ்ந்தது.

ஒப்பந்த காலம் மீதமிருந்ததால், என்ன செய்வதென்று தெரியாமல், 1978 ஆகஸ்ட் 14 அன்று தொடங்கிய 'பீப்பிள் ஆர் டாக்கிங்' என்ற காலை உரையாடல் நிகழ்ச்சிக்கு இரண்டு தொகுப்பாளர்களில் ஒருவராக அவரை அனுப்பினார்கள். அது அன்று கௌரவக் குறைவான மாற்றமாகவே கருதப்பட்டது. ஆனால், முதல் நாள் நிகழ்ச்சி முடிந்தபோதே தனக்குரிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டதை உணர்ந்ததாக ஓப்ரா சொல்லியிருக்கிறார். எதிரே இருப்பவரின் துயரத்தில் கலந்துவிடுவது செய்தியாளருக்குக் குறையாக எண்ணப்பட்டது. உரையாடல் நிகழ்ச்சியிலோ மக்கள் அதைக் காண்பதற்காகவே உட்கார்ந்தார்கள்.

கேள்வி: சிகாகோவில், உரையாடல் நிகழ்ச்சி நடத்திவந்த ஃபில் டோனஹூவை அவர் அவ்வளவு விரைவில் முந்தியது எப்படி?

பதில்: டோனஹூவைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பார்வையாளர்களுக்கு நடுவே ஒலிவாங்கியோடு சென்று அவர்களையும் பேசவைக்கும் முறையை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வேரூன்றச் செய்தவர் அவர். 1984 ஜனவரி 2 அன்று டபிள்யூ.எல்.எஸ். நிலையத்தின் 'ஏ.எம். சிகாகோ' நிகழ்ச்சிக்குப் பொறுப்பேற்ற ஓப்ரா, அந்த முறையை எடுத்துக்கொண்டு, டோனஹூ செய்யாத ஒன்றைச் சேர்த்தார்: தன்னையே உரையாடலுக்குள் வைத்தார். உடல் எடையைப் பற்றி ஒருவர் பேசினால் தன் எடையைப் பற்றிப் பேசினார். அழுதவரின் கையைப் பற்றிக்கொண்டார். சில மாதங்களிலேயே சிகாகோவின் பார்வையாளர் கணக்கில் அந்நிகழ்ச்சி முதலிடத்துக்கு வந்தது. அரை மணி நேரம் ஒரு மணி நேரமாக நீண்டது, பெயரும் 'தி ஓப்ரா வின்ஃப்ரே ஷோ' என்று மாறியது. 1985இல் வெளிவந்த 'தி கலர் பர்ப்பிள்' திரைப்படத்தில் நடித்து, ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டதும் அவரை நாடறியச் செய்தது.

கேள்வி: பேட்டி எடுப்பவர் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் கோடீஸ்வரர் ஆகலாம்; நூறு கோடி டாலருக்கு அதிபதி ஆக முடியுமா?

பதில்: சம்பளம் வாங்கி ஆக முடியாது. ஓப்ராவைப் பற்றி எழுதுவோர் அழுகையையும் அரவணைப்பையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இந்த இடத்தை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள் என்பதால், சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஒரு நிகழ்ச்சியைப் பெரிய தொலைக்காட்சி வலைப்பின்னல் ஒன்றுக்கு விற்பது ஒரு வழி. ஊர் ஊராக உள்ள நிலையங்களுக்குத் தனித்தனியே உரிமம் கொடுத்து ஒளிபரப்பச் செய்வது மற்றொரு வழி. பின்னதைச் சின்டிகேஷன் என்பார்கள். இதன் கணக்கை ஓப்ராவுக்கு எடுத்துக்காட்டியவர்களில் ஒருவர் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட். ஓர் உணவகத்தில் உட்கார்ந்து, காகிதக் கைத்துண்டில் தன் ஆண்டு வருமானத்தை எழுதினார் ஈபர்ட். அவருடைய நிகழ்ச்சியில் இருவர் பங்கிட்டுக்கொள்கிறார்கள், ஓப்ரா ஒருவரே என்பதால் அதை இரண்டால் பெருக்கினார். அவருடையது அரை மணி, ஓப்ராவுடையது ஒரு மணி என்பதால் மீண்டும் இரண்டால். வாரம் ஒரு நாளுக்குப் பதில் ஐந்து நாள் என்பதால் ஐந்தால். பார்வையாளர்கள் குறைந்தது இரு மடங்காவது இருப்பார்கள் என்று மறுபடியும் இரண்டால். நாற்பது மடங்கு வந்தது. இந்த நிகழ்வை ஈபர்ட் பின்னாளில் தாமே எழுதியிருக்கிறார்.

1986 செப்டம்பர் 8 முதல், கிங் வேர்ல்ட் நிறுவனத்தின் விநியோகத்தில் நிகழ்ச்சி நாடெங்கும் சென்றது. வழக்கறிஞர் ஜெஃப் ஜேக்கப்ஸின் ஆலோசனையோடு, தன் பெயரையே திருப்பிப் போட்டு 'ஹார்ப்போ' என்ற நிறுவனத்தை ஓப்ரா தொடங்கினார். 1988இல் நிகழ்ச்சியின் உரிமையும் தயாரிப்பும் ஹார்ப்போவிடம் வந்தன. சிகாகோவில் சொந்த ஸ்டூடியோவும் அமைந்தது. நடிகைகள் மேரி பிக்ஃபோர்டு, லூசில் பால் ஆகியோருக்குப் பிறகு சொந்த ஸ்டூடியோ வைத்திருந்த பெண் என்று அவரைச் சொல்வார்கள். நிலையங்கள் கட்டிய பணத்தில் சம்பளம் பெறும் ஊழியராக இல்லாமல், உரிமையாளராகப் பங்கு பெற்றார். 2003இல் ஃபோர்ப்ஸ் இதழின் நூறு கோடி டாலர் பட்டியலில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணானார். அவர் காலத்தில் அவரளவு திறமையோடு பேசியவர்கள் வேறு சிலரும் இருந்திருக்கலாம். தான் பேசுவது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை முப்பத்தைந்து வயதுக்குள் கேட்டவர் அவர்.

கேள்வி: அவர் கைகாட்டிய புத்தகமெல்லாம் விற்றுத் தீர்ந்தது உண்மையா?

பதில்: உண்மை. 1996 செப்டம்பரில் தொடங்கிய அவருடைய புத்தகக் கழகம் தேர்ந்தெடுத்த நூல்கள், பதிப்பாளர்கள் மறுபடி மறுபடி அச்சிடும் அளவுக்கு விற்றன. வாரம் ஒரு புத்தகம் என்று தந்தை வைத்த கட்டாயத்தை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை.

கேள்வி: சொந்தத் துயரத்தையும் பிறர் துயரத்தையும் காட்சிப் பொருளாக்கித்தானே அவர் வளர்ந்தார்? அதை எப்படிப் பாராட்டுகிறீர்கள்?

பதில்: உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. 1980களின் இறுதியில் அவருடைய நிகழ்ச்சியும் சண்டைக்கும் பரபரப்புக்கும் இடம் கொடுத்தது. இனவெறிக் குழுவினரை மேடையேற்றிய ஒரு நிகழ்ச்சிக்காக அவரே பின்னர் வருந்தினார். 1990களின் நடுவில், மற்ற நிகழ்ச்சிகள் மேடையில் கைகலப்பை நடத்திப் பார்வையாளர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பாதையை விட்டு விலகினார். அது வணிக நோக்கில் எளிதான முடிவாக இருந்திருக்காது.

ஆனால் 1986இல், பாலியல் கொடுமையைப் பற்றிய நிகழ்ச்சியில், தனக்கும் அது நேர்ந்தது என்று அவர் ஒளிபரப்பில் சொன்னதை நான் காட்சிப் பொருளாகக் கருதவில்லை. குடும்பங்கள் மூடி மறைத்த ஒன்றை, கோடிக்கணக்கான வீடுகளின் கூடத்தில் ஒரு பெண் உரக்கச் சொன்ன தருணம் அது. 1991இல் செனட் குழுவின் முன் சாட்சியமளித்து, குழந்தைகளுக்குக் கொடுமை இழைத்துத் தண்டனை பெற்றவர்களின் விவரங்களை நாடு தழுவிய பதிவேட்டில் சேர்க்கச் சட்டம் வேண்டும் என்று வாதாடினார். 1993 டிசம்பரில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட தேசியக் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டத்தை, 'ஓப்ரா சட்டம்' என்றே பலர் அழைத்தார்கள்.

எனக்கு அவர் மீதுள்ள மனக்குறை வேறு. மக்கள் தன்னை நம்புகிறார்கள் என்பதை அறிந்திருந்தும், மருத்துவ விஷயங்களில் அறிவியல் ஆதாரமற்ற கருத்துகளுக்கு அவர் மேடை கொடுத்தார். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்புண்டு என்று நம்பிய பிரபலம் ஒருவர் 2007இல் அந்த மேடையில் பேசியபோது, அதைக் கேட்டுக்கொண்டிருந்த தாய்மார்களுக்கு ஒரு மருத்துவரின் விளக்கமும் அதே அளவு நேரத்துக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

கேள்வி: வெற்றிகரமான நிகழ்ச்சியை நிறுத்திவிட்டுச் சொந்த அலைவரிசை தொடங்கினாரே, அதிலும் வென்றாரா?

பதில்: உடனே வெல்லவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள், 4,561 நிகழ்ச்சிகள் என்ற கணக்கோடு 2011 மே 25 அன்று 'தி ஓப்ரா வின்ஃப்ரே ஷோ' முடிவுக்கு வந்தது. டிஸ்கவரி நிறுவனத்தோடு கூட்டாக அவர் தொடங்கிய 'ஓன்' அலைவரிசை, அதே ஆண்டு ஜனவரி 1 முதலே ஒளிபரப்பில் இருந்தது. எதிர்பார்த்த பார்வையாளர்கள் வரவில்லை. 2011லேயே தலைமைப் பொறுப்பை அவரே ஏற்று நடத்த வேண்டியதாயிற்று, 2012இல் ஊழியர்கள் குறைக்கப்பட்டார்கள். 2013 முதல் இயக்குநர் டைலர் பெர்ரியின் தொடர்கள் ஒளிபரப்பான பிறகுதான், குறிப்பாகக் கறுப்பினப் பெண்களிடையே, அலைவரிசைக்கு நிலையான பார்வையாளர்கள் சேர்ந்தார்கள். பிறகு 2017இலும் 2020இலும் தன் பங்குகளில் பெரும்பகுதியை டிஸ்கவரிக்கே விற்றுவிட்டார்.